இரண்டு மட்டம்

குண்டுநூலைத் தொங்கவிட்டபடி
'மேடை எவ்வளவு ஒசரம் வைக்கட்டும்?' என்றார் வேதையன்.
நான் வாழ வந்த இந்த வீட்டில்
இதுவரை என்னிடம் யாரும் கேட்காதது.

சுவரோரம் நின்று முழங்கையை மடக்கினேன்.
தரையிலிருந்து முப்பத்து நாலு அங்குலம்.
நாலைக் கழித்து, முப்பது என்று சுவரில் எழுதினார்.
இடித்துப் போட்ட பழைய மேடை முப்பத்து நாலு.
அந்த நாலு அங்குலத்தைத்தான்
வலது தோளில் இத்தனை வருசம்
தைலம் போட்டுத் தேய்த்திருக்கிறேன்.

மகள் நிலோஃபர் சென்னையிலிருந்து அனுப்பியவை
நாற்பத்திரண்டு படங்கள்.
எல்லாம் வெள்ளை.
மஞ்சள்தூள் வாங்காத வீடுகள் போல.
ஒன்றில் அடுப்படி நடுவே தனியாக ஒரு மேடை,
அதற்குத் தீவு என்று பெயராம்.
வடக்கே ஆறு, தெற்கே வாய்க்கால்,
ஐப்பசி பிறந்தால் கொல்லையிலும் தண்ணீர்.
கூத்தாநல்லூரில் இருப்பவளுக்கு
எதற்கடி இன்னொரு தீவு?

பிளைவுட் வேண்டாம் என்றேன்.
வெள்ளம் புகுந்த வருசம் அடி அலமாரி ஊறி உப்பி
கதவு சேராமல் வாயைப் பிளந்து நின்றது.
உள்ளே டப்பாவில் கொத்தமல்லி முளைவிட்டிருந்தது.
கடப்பாக்கல் போதும்,
அதுவும் தரையைவிட்டு ஒன்பது அங்குலம் தள்ளி.
மேலே பரண் வேண்டாம், கீழே இழுப்பறை.
கிழக்கே ஒரு ஜன்னல்.
'வடிகால் பக்கம்மா, கொசு வரும்.'
வலை அடியுங்கள்.
கொசுவுக்குப் பயந்து
காற்றையும் சேர்த்துத்தானே அடைத்து வைத்தோம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு
நிலைப்படியில் நின்றிருந்தார் அவர்.

குவைத்தில் இருபத்தாறு வருசம், மெஸ்ஸில் சமையல்.
வேளைக்கு இருநூறு பேர்.
அந்த இருநூறு பேர் ஊர் திரும்பி, வேறு இருநூறு பேர் வந்து,
எல்லாரும் அவர் கையால் பசியாறினார்கள்.
நான் ஒரு கவளம் அறிந்ததில்லை.
விடுப்பில் வந்தால் விருந்தாளி.
தட்டு வைத்த பிறகு உட்காருவார்.
ஆணத்தில் உப்பு சரியா என்றால் தலையாட்டுவார்.
அந்தத் தலையாட்டலுக்குள்
ஒரு சமையல்காரர் வாயை மூடி உட்கார்ந்திருந்தது
எனக்கு உறைக்கவே இல்லை.

இப்போது ஒரேயடியாக வந்து நாற்பது நாள்.
காலையில் அடுப்படி வரை வருகிறார்,
தண்ணீர் குடிக்கிறார், போகிறார்.
ஒருநாள் நான் வெங்காயம் அரிவதை
ரொம்ப நேரம் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போனார்.

வேதையன் டேப்பைச் சுருட்டினார்.
'இருங்க. அவுகளுக்கும் அளந்துடுங்க.'

'ஒரு மேடைக்கு ரெண்டு ஒசரமா?
கல்லு நடுவுல படி விழும். பாக்கறவங்க சிரிப்பாங்க.'

'விழட்டும்.'

அவர் உடனே வரவில்லை.
கைலியை இறுக்கிக் கட்டினார்.
செருப்பைக் கழற்றினார்.
பிறகு வந்து நின்று முழங்கையை மடக்கியபோது
விரல்கள் தாமாகவே
இல்லாத ஒரு கரண்டியைப் பிடித்தன.

நாற்பத்தொன்று.
கழித்தால் முப்பத்தேழு.

சுவரில் இப்போது இரண்டு சுண்ணாம்புக் கோடு,
நடுவே ஏழு அங்குலம்.
அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்
தொண்டையைச் செருமினார்.
'அடுப்பை ஜன்னலுக்கு நேரே வைக்காதே, தீ அலையும்.
மீன் கழுவுற தொட்டி தனியா இருக்கணும்.
அரிவாள்மணையைத் தூக்கிப் போடு, கத்தி பழகிக்க.'

அரிவாள்மணைமேல் கை வைக்க நீங்கள் யார் என்றேன்.
'வெங்காயத்தை அவ்வளவு தடிசா அரிஞ்சா
எப்படி வதங்கும்?' என்றார்.
நாற்பது நாளாக அடக்கி வைத்திருக்கிறார்!
வேதையன் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து
டீயை மெதுவாகக் குடித்தார்.

தொட்டி தனி என்பது முடிவாகிவிட்டது.
அரிவாள்மணை இருக்கிறது, கத்தியும் வருகிறது.
அடுப்பு என் கோட்டிலா அவர் கோட்டிலா
என்பதுதான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.
வெளியே கலவை போட்டாயிற்று.
நோன்புக்கு இன்னும் இருபது நாள்.